பேப்பர் அக்செப்ட் ஆன பிறகு வந்த தலைவலி

கான்ஃபரன்ஸ் ஒன்றுக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரை அக்செப்ட் ஆனது. ரிவ்யூவர்கள் கேட்ட திருத்தங்களில் பெரிய சிரமம் இல்லை. உயிரை எடுத்தது அதற்கப்புறம் வந்த கேமரா ரெடி காப்பிதான், அதாவது அப்படியே வெளியிடத் தயாரான இறுதிப் பிரதி.

ஐ-டிரிபிள்-ஈ (IEEE என்ற பொறியாளர் அமைப்பு) ஃபார்மேட், கோடு மாதிரி எழுதிக் கட்டுரையை வடிவமைக்கும் லேடெக்ஸ் (LaTeX), ஆறு பக்க வரம்பு. பக்கத்துக்கு இரண்டு காலம் (column), 10 பாயின்ட் எழுத்து, படத்துக்குக் கீழே தலைப்பு, அட்டவணைக்கு மேலே தலைப்பு, இதையெல்லாம் டெம்ப்ளேட்டே பார்த்துக்கொள்ளும். சிக்கல் தாள் அளவில் ஆரம்பித்தது. கான்ஃபரன்ஸ் கமிட்டி மெயிலில் ஏ4 என்று போட்டிருந்தார்கள், அவர்கள் தளத்திலேயே இருந்த டெம்ப்ளேட் ஜிப் ஃபைலைத் திறந்தால் யுஎஸ் லெட்டர். ஏ4 தாள் அதைவிட அகலம் கொஞ்சம் குறைவு, உயரம் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் அதிகம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் படங்கள் அத்தனையும் இடம் மாறி உட்காரும். எது சரி என்று கேட்டு மெயில் போட்டேன். "டெம்ப்ளேட்டைப் பின்பற்றவும்" என்று ஒற்றை வரியில் பதில். எந்த டெம்ப்ளேட்டை ஐயா? கடைசியில் அந்தக் கமிட்டியில் தெரிந்தவர் ஒருவரை போனில் பிடித்துத்தான் ஏ4 என்று உறுதி செய்தேன்.

அடுத்தது பிடிஎஃப் எக்ஸ்பிரஸ், பிடிஎஃப் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் ஐ-டிரிபிள்-ஈ தளம். உள்ளே போகக் கான்ஃபரன்ஸ் ஐடி வேண்டும், அது அக்செப்டன்ஸ் மெயிலில் கிடையாது, ஆசிரியர்களுக்கான பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கிறது. தேடி எடுத்து அப்லோட் செய்தால் ஃபெயில். அந்தத் தளம் ஏற்காத டைப் 3 என்ற வகை ஃபான்ட் (எழுத்துரு) இருக்கிறதாம். கட்டுரை முழுக்க டைம்ஸ், நான் எங்கே போய் டைப் 3 வைத்தேன் என்று லேடெக்ஸ் கோடை வரி வரியாகத் துழாவினேன். ஃபான்ட் இருந்தது வரைபடங்களுக்குள். பைத்தானில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்பில் (matplotlib) வரைந்து பிடிஎஃப்பாகச் சேமித்தால், நாம் ஒன்றும் சொல்லாதவரை எழுத்துகளை அது டைப் 3 ஆகத்தான் பதிக்கும். செட்டிங்கில் பிடிஎஃப் ஃபான்ட் டைப் (pdf.fonttype) என்ற இடத்தில் 3-ஐ எடுத்துவிட்டு 42 என்று போட்டு எல்லாப் படத்தையும் மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. பழைய டேட்டாவையும் ஸ்கிரிப்ட்டையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

அப்லோட் செய்யும் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். அக்ரோபேட் ரீடரில் பிடிஎஃப்பைத் திறந்து ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் என்ற டேபைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபான்டுக்கும் பக்கத்தில் எம்பெடட் என்று இருக்க வேண்டும், டைப் 3 என்று ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. லேடெக்ஸில் லிங்க்கும் புக்மார்க்கும் சேர்க்கும் ஹைப்பர்ரெஃப் (hyperref) பேக்கேஜ் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், புக்மார்க் இருந்தாலும் சிலருக்குத் திரும்பி வந்திருக்கிறது.

சரி, பாஸ் ஆகிவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில், முதல் பக்க அடியில் காப்பிரைட் வரி சேர்க்கச் சொல்லி மெயில் வருகிறது. முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? டெம்ப்ளேட்டின் கான்ஃபரன்ஸ் மோடில் அந்த வரிக்கான கமாண்டு பூட்டப்பட்டிருக்கும், ஆவணத்தின் தலையில் ஓவர்ரைடு கமாண்டு லாக்அவுட்ஸ் (\IEEEoverridecommandlockouts) வரி இருந்தால்தான் அது வேலை செய்யும். சேர்த்ததும் ரெஃபரன்ஸின் கடைசி இரண்டு வரி ஏழாம் பக்கத்துக்குத் தாவிவிட்டது, கூடுதல் பக்கத்துக்குத் தனிக் கட்டணம். என் ஆய்வு கைடு, பக்க மார்ஜினைக் கொஞ்சம் குறைத்துவிடச் சொன்னார். செய்யாதீர்கள், அது தெரிந்தால் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கும் பத்திகளைத் தேடி, அங்கே ஓரிரு சொற்களை வெட்டினால் பத்திக்கு ஒரு வரி மிச்சமாகும். அப்படித்தான் ஆறு பக்கத்துக்குள் திரும்ப அடக்கினேன், பணமும் தப்பியது.

முக்கியமான இன்னொன்று. பிடிஎஃப் எக்ஸ்பிரஸில் பாஸ் ஆனால் பேப்பர் சமர்ப்பித்ததாகக் கணக்கில்லை. பாஸான அந்தக் காப்பியை டவுன்லோட் செய்து, பேப்பரை முதலில் அனுப்பிய தளத்தில் தனியாக ஏற்ற வேண்டும். காப்பிரைட் ஃபார்மில் தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் பேப்பரில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட, இருக்க வேண்டும். எங்கள் லேபில் ஒருவருக்கு இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலேயே ஒரு சுற்று மெயில் ஓடியது.