வண்டி ஏறக் கூடாது, ஷாக் மட்டும் மாறணும்

பிக்கப்புக்கு ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றப் போகிறேன் என்று பொள்ளாச்சியில் யாரிடம் சொன்னாலும் "எத்தனை இன்ச் தூக்கறீங்?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு இன்ச்கூட இல்லைங்க என்றால் முகத்தைப் பார்க்கிறார்கள். தோப்பில் தேங்காய் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குப் பின்கதவு இப்போதே நெஞ்சு மட்டத்தில் இருக்கிறது. கொப்பரை ஷெட்டின் குறுக்குக் குழாய்க்கும் வண்டிக் கூரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர். அமாவாசைக்கு அமாவாசை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு இந்த வண்டியில்தான் வருவார். கைப்பிடியைப் பிடித்து, இடது காலைத் தூக்கி வைத்து, "இரு கண்ணு" என்று ஒரு மூச்சு வாங்கி, அப்புறம்தான் ஏறுவார். இன்னும் இரண்டு விரல் ஏறினால் அம்மன் அவரைத் தேடித்தான் வர வேண்டும்.

வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடிய டபுள் கேப். முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கிற இரண்டு கைகள்), காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை, அதாவது அடுக்கடுக்கான லீஃப் ஸ்பிரிங். இசுசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் இதே அமைப்புதான். பாரம் ஏற்றினால் ஒழுங்காகப் போகும். வெறும் வண்டியாக உடுமலை ரோட்டில் வேகத்தடை தாண்டினால் பின்பக்கம் மூன்று தரம் குதித்துவிட்டுத்தான் அடங்கும். வால்பாறை இறக்கத்தில் வளைவுக்குள் ஒரு பள்ளம் வந்தால் பின்சக்கரம் அரை அடி வெளியே தள்ளும். ஓட்டுகிறவனுக்கு அடிவயிறு கலங்கும்.

எடையைத் தாங்குவதும் உயரத்தைத் தீர்மானிப்பதும் ஸ்பிரிங்கும் பட்டையும். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயால் அடக்குவது ஷாக். அதனால் ஸ்பிரிங்கைத் தொடாமல் ஷாக்கை மட்டும் மாற்றினால் உயரம் மாறக் கூடாது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. கணக்கு எங்கெங்கே பிசகும் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஞாயிறு முழுக்க அளவு எடுத்தேன். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலே அளவு மாறும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். முன் இடது 502 மில்லிமீட்டர், முன் வலது 498. பின் இடது 533, பின் வலது 531. டிரைவர் பக்கம் எப்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும், அதனால் 4 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவைக் கதவின் உள்பக்கமே பெயின்ட் மார்க்கரால் எழுதிவிட்டேன். தாளில் எழுதினால் எங்கள் வீட்டில் அது மளிகைச் சீட்டாகிவிடும்.

அடுத்தது ஷாக்கின் நீளம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோயம்புத்தூரில் ஒரு கடையில், "இது 2 இன்ச் தூக்கற செட்டுங்க, ஸ்பிரிங் மாத்தலைனா தூக்காது, தாராளமாப் போடலாம்" என்றார்கள். தூக்காது, உண்மைதான். ஆனால் அந்த ஷாக் நீளமானது. முழுக்க அமுக்கினாலும் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காது. தூக்காத வண்டியில் அதைப் போட்டால், பெரிய பள்ளத்தில் அச்சு மேலே வரும்போது ரப்பர் ஸ்டாப்பரில் முட்டுவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். சீல் போகும், இல்லையென்றால் மேல்தாங்கி பிய்யும். என் வண்டி சமதரையில் நிற்கும்போது பின் ஷாக்கின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 455 மில்லிமீட்டர். அச்சுக்கும் ஸ்டாப்பருக்கும் இடைவெளி 85. ஸ்டாப்பர் ரப்பர் தானே ஒரு 25 அமுங்கும். ஆக, ஷாக் 345க்குள் சுருங்க வேண்டும். ஷாக் சாய்ந்து நிற்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும், அது நம் கைக்காவல். கடைக்காரர் காட்டியது முழுக்கச் சுருங்கினால் 362. வேண்டாங்க என்று டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் வாங்கியது ஒற்றைக் குழாய் ஷாக், சுருங்கினால் 330. நாலும் சேர்த்து 38,000 ரூபாய். வீட்டில் 20,000 என்று சொல்லியிருக்கிறேன். பழையது இரட்டைக் குழாய். தொடர்ந்து அடி வாங்கினால் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்துவிடும், நுரை எதையும் அடக்காது. ஒற்றைக் குழாயில் எண்ணெயையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கிறது. குழாய்ச்சுவரில் நேராகக் காற்று படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும்.

அந்த நைட்ரஜன்தான் உயரத்துக்கு முதல் எதிரி. புது ஷாக்கைச் சுருக்கிக் கட்டியிருந்த பட்டியை அறுத்ததும் அதன் தண்டு தானாகவே மெல்ல வெளியே வந்தது. அப்போ இது வண்டியையும் கொஞ்சம் தள்ளுமே? கொப்பரை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசின் மேல் ஷாக்கை நட்டமாக நிறுத்தி, இரண்டு கையாலும் பாதி வரை அமுக்கிப் பிடித்தேன். ஷாக்கின் எடை போக 34 கிலோ காட்டியது. தண்டின் விட்டம் 14 மில்லிமீட்டர், பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். வகுத்தால் அழுத்தம் சுமார் 22 பார். ஒரு டன்னுக்கு மேல் தாங்குகிற பட்டைக்கு 34 கிலோ ஒரு பொருட்டில்லை, சில மில்லிமீட்டர்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பழைய ஷாக்கையும் தராசில் வைத்துப் பார்த்தேன். அமுக்கினால் அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. அடியில் எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து அல்வா மாதிரி.

இரண்டாம் ஞாயிறு பின்பக்கம். ஒரு மணி நேர வேலை, சொல்ல ஒன்றுமில்லை. இடது கீழ் போல்ட் துருப்பிடித்து அரை மணி நேரம் தின்றது, அவ்வளவுதான்.

முன்பக்கத்தை வீட்டில் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை. காயில் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்ந்தது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்து அமுக்கித்தான் பிரிக்க வேண்டும், நழுவினால் ஆளையே கொன்றுவிடும். தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் ஸ்பிரிங்கை அமுக்கும்போது நான் குனிந்து பார்க்க, "தம்பி, மூஞ்சிய அந்தப்பக்கம் வெச்சுக்குங், ஊட்டுல தேடுவாங்" என்றார்.

புது முன் ஷாக்கின் உடம்பில் வளையம் மாட்டுகிற மூன்று பள்ளம் வரிசையாக இருந்தது. பில்ஸ்டீன் 5100 மாதிரியான சில ஷாக்குகளில் இப்படி இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை எந்தப் பள்ளத்து வளையத்தில் நிறுத்துகிறோமோ அதற்கேற்ப உயரம் ஏறும். தட்டு 10 மில்லிமீட்டர் ஏறினால் சக்கரத்தில் 10 இல்லை. நெம்புகோல் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். டப்பாவில் வந்தபோது வளையம் நடுப்பள்ளத்தில் இருந்தது. கீழ் போல்ட் துளையிலிருந்து தட்டு வரை பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து, அடிப்பள்ளத்துக்கு இறக்கினோம். இரண்டும் சரியாக ஒத்துப்போனது. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டோம்.

சக்கரத்தை மாட்டி இறக்கி அளந்தால் 519, 515. பதினேழு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது! அண்ணன், "ஓட்டுங், ரெண்டு நாள்ல உக்காந்துரும்" என்றார். உட்காரவில்லை. புதன்கிழமை அளந்தபோது 516, 512. இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. பள்ளத்தைத் தப்பாக எண்ணிவிட்டோமா என்று டார்ச் அடித்து வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தேன்.

தப்பு அங்கே இல்லை. வேலைக்காக விஷ்போனின் கீழ்க்கை போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தோம். அவற்றைத் திரும்ப முடுக்கியது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோது. அந்தப் போல்ட் நுழைகிற புஷ்ஷில் ரப்பர் இரும்புக் குழலோடு ஒட்டியே இருக்கும். போல்ட்டை முடுக்கிய நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, கையைக் கீழே தள்ளி வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. அப்படியே விட்டால் சில மாதத்தில் கிழிந்தும் போகும். "முடுக்குங்ணா" என்று சொன்னதும் நான்தான்.

மூன்றாம் ஞாயிறு, கல் அடுக்கிய மேடையில் நாலு சக்கரமும் தரையில் நிற்கிற மாதிரி வண்டியை ஏற்றினோம். கீழ்க்கை போல்ட், ஷாக்கின் கீழ் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தினோம். போல்ட் இளகியபோது "டொக்" என்று ஒரு சத்தம், கண்முன்னே முன்பக்கம் இறங்கியது. பம்பரை நாலு தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் அங்கேயே முடுக்கினோம். 506, 502. பின்பக்கம் 538, 536. எல்லாம் நாலைந்து மில்லிமீட்டர், நைட்ரஜனின் கணக்கு. கையோடு வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

மறுநாளே ஆழியாறு வழியாக வால்பாறை, வெறும் வண்டி. நாற்பது கொண்டை ஊசியில் ஒன்றில்கூடப் பின்பக்கம் தள்ளவில்லை. வேகத்தடையில் ஒரே அசைவு, அதோடு சரி. இறங்கும்போது ஒன்பதாம் வளைவு லோம்ஸ் வியூவில் நிறுத்திப் பின் ஷாக்கைத் தொட்டேன். கை வைக்க முடிந்தது, ஆனால் நல்ல சூடு. குலுக்கலை வாங்கிச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான் ஷாக்கின் பிழைப்பு, சில்லென்று இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். குறையும் சொல்ல வேண்டும்: சின்னச்சின்னக் கல்லும் குழியும் முன்பைவிடக் கொஞ்சம் கடுப்பாகத் தெரிகிறது. 600 கிலோ தேங்காய் ஏற்றினால் அதுவும் தெரியவில்லை.

அமாவாசையன்று அம்மிச்சி வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்து, காலை வைத்து, "இரு கண்ணு" சொல்லி ஏறி உட்கார்ந்தார். வண்டியில் என்ன மாற்றினாய் என்று கேட்கவே இல்லை. பாதி வழியில், "கீச்சுக் கீச்சுங்குதே, என்ன அது?" என்றார். பின் வலது பட்டை புஷ். ஷாக்கின் இரைச்சல் அடங்கியதும் அது வெளியே கேட்கிறது. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும்.