மண்ணடுக்கை வகுப்பறையில் படிப்பது: ஒரு டப், ஒரு குழி, ஒரு ஜாடி

பள்ளிகளில் ‘அகழாய்வுச் செயல்பாடு’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் புதையல் வேட்டைதான். தட்டு நிறைய மணல், அதற்குள் நாலு பாசிமணி, ஒரு பிளாஸ்டிக் எலும்பு, கையில் ஒரு தூரிகை. பத்தே நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எது எதற்கு மேலே கிடந்தது என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பிளாஸ்டர் கட்டிக்குள் டைனோசர் வைத்து விற்கும் பெட்டிகளும் இதே ரகம். அவற்றில் அடுக்கே கிடையாது. போதாக்குறைக்கு, டைனோசரைத் தோண்டுவது தொல்லியலே இல்லை, தொல்லுயிரியல்.

கீழே இருப்பது முதலில் படிந்தது, மேலே இருப்பது பின்னால் படிந்தது. டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் பாறைகளைப் பற்றி எழுதிய இந்த விதிதான் புவி அறிவியலுக்கும் தொல்லியலுக்கும் பொதுவான அடிப்படை. இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதற்கு டப்பும் மண்ணும் தேவையில்லை. விதி எங்கே நம்மை ஏமாற்றும் என்று காட்டத்தான் கைவேலை வேண்டும். ஆகவே டப்பை நிரப்பும்போதே, தவறாகப் படிக்க இடம் வைத்து நிரப்புங்கள்.

30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் டப் நாலு பேருக்குப் போதும். ஒவ்வொன்றும் 4 செ.மீ. தடிமனில் மூன்று அடுக்குகள். ஓர் அடுக்குக்கு 2.4 லிட்டர் மண் பிடிக்கும். மூன்றும் சேர்ந்து 11, 12 கிலோ வரும். பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று 40-க்கு 30 டப் எடுத்து 20 செ.மீ. நிரப்பினால் 38 கிலோ ஆகிவிடும். தூக்கும்போது நடுவில் வளைந்து, அடுக்கெல்லாம் விரிசல் விடும். சின்ன டப்பையும் தோண்டப்போகும் மேசையிலேயே வைத்து நிரப்புவது நல்லது. பக்கச் சுவர்களை வெளிப்புறம் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

ஈரப்பதம்தான் பாதி வேலை. காய்ந்த மணலில் வெட்டிய பக்கம் செங்குத்தாக நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும். 2.4 லிட்டர் மணலுக்கு 150 முதல் 200 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறினால் போதும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் சுண்டினால் உதிர வேண்டும். தண்ணீர் கூடிவிட்டால் மேல் அடுக்கின் நிறம் கீழே இறங்கி எல்லைக்கோடு கலங்கிவிடும். களிமண்ணைத் தனியாகப் போட வேண்டாம், காய்ந்தால் கல்லாகிவிடும். ஒரு பங்கு களிமண்ணுக்கு மூன்று பங்கு மணல் கலக்கலாம். அடுக்குகளை நிறத்தால் மட்டும் பிரித்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் நனைந்த மண்ணெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கறுப்பாகத் தெரியும். நிரப்பும் முன் ஒவ்வொரு மண்ணிலும் ஒரு பிடி எடுத்து நனைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிய வேண்டும்: ஒன்று பொடி மணல், ஒன்று செம்மண், ஒன்று சிறு கல் கலந்தது. மக்கிய உரம் கலந்த மண்ணை எடுத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை பூத்துவிடும். எந்த மண்ணானாலும் 5 மி.மீ. சல்லடையில் சலித்துக் கண்ணாடித் துண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதைக்க ஒரு சின்ன மண்பானை போதும். பளபளப்புப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும். பூச்சுள்ள பீங்கானின் விளிம்பு கையைக் கிழிக்கும். தடித்த துணிப்பையில் போட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் இரண்டு தட்டு. 15 முதல் 20 ஓடுகள் கிடைத்தால் நிறுத்திவிடலாம். கூர்மையான விளிம்பை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மழுக்குங்கள். அதிகம் தேய்த்தால் ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டு ஓடுகளைப் புதைக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். உடைந்த பானையின் எல்லா ஓடுகளும் அகழாய்வில் கிடைப்பது அபூர்வம்.

இனி குழி. அடியில் வெளிர் மணல் அடுக்கு. பெரும்பாலான ஓடுகள் அதன் மேற்பகுதியில். அதன் மேல் செம்மண் அடுக்கு. செம்மண்ணைப் பலகையால் லேசாக அழுத்தி மட்டமாக்கிய பிறகு, மேலிருந்து 8 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அது செம்மண்ணின் 4 செ.மீ.யையும் தாண்டி வெளிர் மணலுக்குள் 2 செ.மீ. இறங்கும். குழியின் அடியில் ஆண்டு தெரியும் ஒரு நாணயம். வெட்டியெடுத்த இரு நிற மண்ணையும் கலந்து, கொஞ்சம் கரித்தூளும் மூன்று ஓடுகளும் சேர்த்துக் குழியை மூடுங்கள். அதன் மேல் கல் கலந்த மூன்றாம் அடுக்கு.

இப்போது கணக்குப் பாருங்கள். நாணயம் மேற்பரப்பிலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் கிடக்கிறது. பானை ஓடுகள் 9 செ.மீ.யில். ஆழத்தை மட்டும் குறித்துக்கொண்ட குழு, நாணயம்தான் பழையது என்று எழுதிவிடும். குழியின் ஓரத்தைக் கவனித்த குழு மட்டும், செம்மண் படிந்த பிறகுதான் நாணயம் உள்ளே போனது என்று சொல்லும். இந்த விவாதத்தை ஆசிரியர் தீர்த்து வைக்கக் கூடாது. எல்லாம் எடுத்து முடித்த பிறகு பக்கக் காகிதத்தைக் கிழித்து, சுவரில் ஒட்டியிருக்கும் மண்ணை அவர்கள் வரைந்த படத்தோடு ஒப்பிடச் சொன்னால் போதும். இதற்காகவே குழியைச் சுவரை ஒட்டி வெட்டுவது வசதி.

நாணயத்தில் 1995 என்று இருந்தால் குழி 1995-இல் மூடப்பட்டது என்று எழுதுவார்கள். அதுவும் பிழை. 1995-க்கு முன்னால் மூடப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. பழைய நாணயம் பல ஆண்டு கை மாறிக் கடைசியில் விழுந்திருக்கலாம். அதேபோல, குழி மண்ணில் கிடைத்த ஓடு கீழடுக்கு ஓட்டோடு கச்சிதமாகப் பொருந்தும்போது, இரண்டு மண்ணும் ஒரே காலம் என்று துள்ளுவார்கள். குழி வெட்டியவர்கள் பழைய ஓட்டைத் தோண்டி மேலே கொண்டுவந்து மறுபடி போட்டு மூடியிருக்கலாம் என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள். ஓடுகளை ஒட்ட, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை எடுங்கள். தப்பாக ஒட்டினால் பிரிக்கலாம். பிரிக்கக்கூடிய பசையைத்தான் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களும் விரும்புகிறார்கள்.

தோண்டுவதில் ஒழுங்கு இல்லையென்றால் மேலே சொன்னது எதுவும் தேறாது. விளிம்பில் 10 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து நூல் கட்டினால் ஆறு கட்டங்கள் வரும். ஆழம் அளக்கும்போது மண்ணின் மேற்பரப்பிலிருந்து அளப்பதுதான் எல்லாக் குழுவும் செய்யும் தவறு. தோண்டத் தோண்ட மேற்பரப்பே இறங்கிவிடுகிறதே! டப்பின் விளிம்புக்குக் குறுக்கே ஒரு மர அளவுகோலை வைத்து, அதிலிருந்து செங்குத்தாக இன்னொரு அளவுகோலால் அளக்கட்டும். நூலிலிருந்து அளந்தால் தொய்வில் சில மி.மீ. போய்விடும். வரும் எண்ணில் டப்பின் விளிம்புக்கும் முதல் மேற்பரப்புக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்திருக்கும். தோண்டும் முன்பே அதை அளந்து எழுதிவைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சி, தட்டையான கரண்டி, சின்னத் தூரிகை. குத்தித் தோண்டாமல் படுக்கைவாட்டில் சுரண்ட வேண்டும். ஈர மண்ணில் தூரிகை போட்டால் நிறங்கள் இழுபட்டு எல்லை மறைந்துபோகும். காய்ந்த இடத்தில் மட்டும் தூரிகை. நிறமோ தன்மையோ மாறினால் கை நிற்க வேண்டும், புது எண் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மண்ணும் தனித்தனித் தட்டில் விழ வேண்டும். மண்ணைச் சலிக்கும்போது சல்லடையில் அகப்படும் சிறு துண்டுக்கு அடுக்கு எண் உண்டு, ஆழம் கிடையாது. பதிவேட்டில் ஆழம் எழுதும் இடத்தில் கோடு போடட்டும், ஊகித்து எழுத வேண்டாம். ஒருவர் தோண்ட, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் வரைய, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். மூன்று அடுக்குக்கு 45 நிமிட வகுப்பு இரண்டு ஆகும். ஒன்றில் முடிக்க அவசரப்பட்டால் மறுபடி புதையல் வேட்டைதான்.

முடிந்ததும் ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் அட்டையில் எழுதி, அட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் உருவாக்கிய வரைபட முறை இதுதான்: ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பெட்டி, காலத்தால் பிந்தியது மேலே. நம் டப்புக்கு ஐந்து அட்டைகள் வர வேண்டும்: கல் அடுக்கு, குழியை நிரப்பிய மண், குழி வெட்டு, செம்மண், வெளிர் மணல். பிள்ளைகள் நாலுதான் எழுதுவார்கள். விட்டுப்போவது எப்போதும் ‘குழி வெட்டு’. அங்கே கையில் பிடிக்க ஒன்றும் இல்லை, ஆனால் ஒருவர் வந்து வெட்டியது நடந்த செயல்தானே.

டப் முடிந்த கையோடு ஜாடியைச் செய்யுங்கள். அது இன்னொரு பக்கம் ஏமாற்றும். நேரான சுவருள்ள 1 லிட்டர் ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், முக்கால் அளவுக்குத் தண்ணீர், மூடி இறுக்கி மூன்று நிமிடம் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கும். வண்டல் படிய இரண்டு மணி நேரம் ஆகும். 0.002 மி.மீ.க்கும் சிறிய களித் துகள்கள் மறுநாளும் மிதந்துகொண்டிருக்கும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் இறங்கும்; ஆறு கடலில் கலக்கும் இடத்திலும் இது நடக்கிறது. இப்போது மூன்று பட்டைகள் தெரியும். எத்தனை முறை மண் வந்து படிந்தது? டப்பில் பழகிய வாய் ‘மூன்று’ என்று சொல்லும். வந்தது ஒரே முறை. பெரிய துகளிலிருந்து சிறியதுக்குப் படிப்படியாக மாறினால் அது ஒரே நிகழ்வு. நேர்த்தியான களியின் மேல் திடீரென்று பருமணல் உட்கார்ந்திருந்தால்தான் அடுத்த வெள்ளம். அதைக் காட்ட மறுநாள் இன்னொரு குவளைச் சேற்றுநீரைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றுங்கள். வேகமாகக் கொட்டினால் களியின் மேற்பரப்பு அரித்துப் பள்ளமாகும். அப்படி ஆனால் ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள், அரிப்புக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

இதோடு சேர்த்துச் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று: ஈர மண்ணில் இரண்டு அடுக்கு போட்டு, டப்பின் ஒரு பக்கம் 3 செ.மீ. கட்டை கொடுத்துச் சாய்த்து, மேற்பரப்பைத் தரைக்கு இணையாகச் சீவி, அதன் மேல் மூன்றாம் அடுக்கை மட்டமாகப் பரப்புங்கள். ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயின்டில் 1788-இல் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்த, சாய்ந்த அடுக்குகளின் மேல் வேறு அடுக்கு படிந்த பாறை முகத்தின் சிறு பதிப்பு அது. சீவி எறிந்த மண் எவ்வளவு என்று கேளுங்கள். டப்பைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

அடுக்குகள் வரிசையைத் தரும், ஆண்டைத் தராது. ஆண்டுக்கு, கரியில் உள்ள கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதை விளக்க, குழியில் போட்ட கரியைக் காட்டி, 100 நாணயங்களைக் குலுக்கிப் போடச் சொல்லலாம். தலை விழுந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாசிமணி ஒன்று வையுங்கள். கார்பன்-14 காணாமல் போவதில்லை, நைட்ரஜன்-14 ஆகிறது. ஒரு குலுக்கல் ஓர் அரை ஆயுள், அதாவது கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் 5730 ஆண்டு. இரண்டாம் குலுக்கலில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு முன்னால் சுமார் 25 நாணயம் மிஞ்சி நிற்கும். பத்து நாணயத்தில் செய்தால் எண்கள் தாறுமாறாக வரும். எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டி வரைபடம் போட்டால் வளைவு ஒழுங்காகும். ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கும் அளவுக்கு மிச்சம் இராது, எனவே டைனோசருக்கு இந்த முறை செல்லாது. குழியில் கிடந்த நாணயத்துக்கும் செல்லாது, அது உலோகம். கரிக்குச் செல்லும், ஆனால் கிடைப்பது கரியாகிப்போன அந்த ஆண்டு வளையத்தை மரம் வளர்த்த காலம், எரிந்த காலம் அல்ல. கிழமரத்தின் நடுத்தண்டை எரித்திருந்தால் கரியின் வயது குழியின் வயதைவிடச் சில நூறு ஆண்டு கூடுதலாகவே வரும்.