வாடகை வருமான வீடு: மின் ரசீதுகள் சொன்ன கணக்கு

வாடகைக்கு விடுவதற்காக ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கலாமா என்று கணக்குப் பார்த்து நான் அலைந்த அலைச்சல் சென்ற வாரம்தான் முடிந்தது. வீட்டைப் பார்த்ததும், கடனுக்கு வங்கி ஒப்புக்கொண்டதும் எளிதாகவே நடந்தன. உண்மையான வாடகை வருமானம் எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு நேரான பதில் பெறுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வாடகை 6 வருவதாகத் தரகர் சொன்னார். அதற்கு ஆதாரமாக அவர் கொடுத்த ஒப்பந்த நகலில் கடைசிப் பக்கம் இல்லை. கேட்டதற்கு, அதில் வெறும் கையெழுத்துகள்தான் இருக்கின்றன என்றார். விடாமல் கேட்டு ஒன்பது நாள் கழித்துக் கைக்கு வந்த அந்தப் பக்கத்தில், பராமரிப்புக் கட்டணமும் வாடகையிலேயே அடக்கம் என்று ஒரு வரி இருந்தது. ஆக, ஆண்டுக்கு 0.9 உரிமையாளர் கையிலிருந்து போகிறது. எந்த நகலை வாங்கினாலும் பக்க எண்களைச் சரிபார்த்து வாங்குங்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் நிலுவை உண்டா என்று கேட்கப் போனேன். உரிமையாளரின் கடிதம் இல்லாமல் பதிவேட்டைத் திறக்க முடியாது என்று எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார். கடிதத்தோடு போன நாளில் பொறுப்பாளர் வரவில்லை. மூன்றாம் முறைதான் பதிவேட்டைப் பார்க்க முடிந்தது. நிலுவை எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த கூட்டக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் புரட்டியதில், மின்தூக்கியை மாற்றுவதற்காக ஒவ்வொரு வீட்டிலும் தனி வசூல் செய்யத் தீர்மானம் போட்டிருப்பது தெரிந்தது. நிலுவைச் சான்றிதழில் அது வராது.

எல்லாவற்றையும் விட மின் ரசீதுகள்தான் என் கண்ணைத் திறந்தன. 12 மாத ரசீதுகளையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன். 140, 155, 148 என்று ஓடிக்கொண்டிருந்த யூனிட், நடுவில் மூன்று ரசீதுகளில் 4, 3, 4 என்று படுத்திருந்தது. ஆள் குடியிருக்கும் வீட்டில் குளிர்பதனப் பெட்டி ஒன்று ஓடினாலே அதைப் போலப் பல மடங்கு ஆகும். வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்திருக்கிறது! ரசீதுகளைக் காட்டிய பிறகுதான், பழைய குடித்தனக்காரர் காலி செய்தபின் புதியவர் அமைய நாளானது என்பதைத் தரகர் ஒப்புக்கொண்டார்.

அன்றிரவே கணக்கை மறுபடி போட்டேன். மூன்று மாதம் போனால் 6 என்பது 4.5 ஆகிறது. அதில் பராமரிப்பு 0.9, சொத்து வரியும் காப்பீடும் 0.4, பழுதுபார்ப்புக்கு ஒதுக்க வேண்டியது 0.6 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 2.6. பதிவுச் செலவையும் மின்தூக்கி வசூலையும் சேர்த்தால் முதலீடு 108 ஆகிவிடுவதால், நிகர வருமானம் 2.4 சதவீதம்தான். காலி மாதத்தை ஒன்றாகக் குறைத்துப் பார்த்தும் 3.3 சதவீதத்தைத் தாண்டவில்லை. வங்கியோ 75 கடனுக்கு 9 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றிருந்தது; அதற்கு ஆண்டுக்கு 8.1 கட்ட வேண்டும். வீட்டின் விலை ஏறும் என்று தரகர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏறலாம், ஆனால் மாதா மாதம் விழும் துண்டை அந்த ஏற்றம் வந்து அடைக்காது.

விலையைக் குறைத்துக் கேட்டேன், உரிமையாளர் இறங்கி வரவில்லை, விட்டுவிட்டேன். பத்திரங்களைப் பார்த்த வழக்கறிஞருக்கும் வங்கி மதிப்பீட்டுக்கும் கட்டிய பணம் திரும்ப வராது. ரசீதுகளை முதலில் கேட்டிருந்தால் அந்தச் செலவே இருந்திருக்காது என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது இன்னொரு வீடு பேச்சில் இருக்கிறது. போய்ப் பார்ப்பதற்கு முன்பே 12 மாத மின் ரசீதுகளைக் கேட்டிருக்கிறேன். நேற்று 7 வந்தன. மீதி 5 வரட்டும் என்று காத்திருக்கிறேன்.