நாராவில் விறகுத் தீ வெளிச்சத்தில் நோ கூத்து

மே மாதம் ஜப்பான் போகிறவர்கள் மூன்றாவது வெள்ளி, சனி இரண்டு நாளையும் நாராவுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். கோஃபுகுஜி கோயிலில் விறகுத் தீ மூட்டி, திறந்த வெளியில் 'நோ' என்னும் ஜப்பானின் பழைய முகமூடிக் கூத்தை ஆடுகிறார்கள். 'தகிகி ஓநோ' என்று பெயர். கியோத்தோவின் ஹெய்யான் ஆலயத்திலும் 1950 முதல் ஜூன் தொடக்கத்தில் இதேபோல் நடக்கிறது. கூட்டமும் அங்கே அள்ளும். ஆனால் மூலஸ்தானம் நாராதான். கோஃபுகுஜியின் ஷுனி-ஏ வழிபாட்டை ஒட்டி 869-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

மாலைக் கூத்துக்கு மட்டும் வருவது, அபிஷேகத்தை விட்டுவிட்டுப் பிரசாதத்துக்கு வருவது போலத்தான். முதல் நாள் காலையிலேயே கசுகா தைஷா ஆலயத்தில் சாமிக்கு முதல் ஆட்டம் ஆகிவிடுகிறது. கல்விளக்குகள் வரிசை கட்டிய மரநிழல் பாதை, குறுக்கே மான்கள். வழியில் யோகோ பைன் மரம் நிற்கிறது. தெய்வம் முதியவராக வந்து அதனடியில் ஆடியது என்பது ஐதீகம். எல்லா நோ மேடையிலும் பின்பலகையில் தீட்டியிருக்கும் பைன் இதுதானாம். பழைய மரம் பட்டுப்போய், இப்போதிருப்பது இளமரம்.

காலையில் கொம்பாரு என்னும் நோ நடிகர் மரபினர் ஆடுவது 'ஒகினா'. கதை கிடையாது. முதியவர் வடிவில் தெய்வம் எழுந்தருளி நாடு செழிக்க வாழ்த்துகிறது, அவ்வளவே. மற்ற நோ நாடகங்களில் நடிகர் உள்ளே முகமூடி அணிந்துகொண்டுதான் வெளியே வருவார். ஒகினாவில் சபை பார்க்க மேடையிலேயே அணிகிறார். அதற்கு முன்பு தனி நெருப்பில் சமைத்ததை உண்டு விரதம் காப்பது பழைய நெறி. காப்புக் கட்டிக்கொண்டு கூத்தாடும் ஊரில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மதியம் கோஃபுகுஜியின் காட்சிக்கூடத்தில் 734-ஆம் ஆண்டு அசுரர் சிலை. மூன்று முகம், ஆறு கை. கோரைப்பல் எதுவும் இல்லை; ஏதோ கவலையில் புருவம் சுருக்கிய பையன் முகம். கிளம்ப மனம் வரவில்லை.

மாலை ஐந்தரைக்கு, தெற்கு வாசல் இருந்த இடத்துப் புல்வெளியில் கூடினோம். வெள்ளைத் துணியால் தலையை மூடிய போர்த்துறவி வேடத்தினர் வந்து, புல்லில் காகிதம் விரித்து மிதித்துப் பார்த்தார்கள். ஈரம் ஊறினால் ஆட்டம் இல்லை என்பது மேடை போடாத காலத்து வழக்கம். பிறகு அவர்களே விறகுக்குத் தீ வைத்தார்கள்.

அன்றைய நாடகம் 'ஹாகொரொமோ'. தேவமங்கையின் சிறகாடை ஒரு செம்படவன் கையில் கிடைக்கிறது. ஆடினால்தான் தருவேன் என்கிறான். ஆடை இல்லாமல் ஆட முடியாது என்கிறாள். கொடுத்தால் ஆடாமல் பறந்துவிடுவாயே என்று அவன் தயங்க, சந்தேகம் மனிதரிடம்தான், விண்ணுலகில் பொய் இல்லை என்கிறாள். அவன் வெட்கிக் கொடுத்துவிடுகிறான். கைத்தமுக்குக்காரர்கள் 'யோ... ஹோ...' என்று குரல் கொடுக்க, ஆட்டம் எறும்பு ஊர்வதைவிட மெதுவாக நகர்கிறது. பொறுமை வேண்டும். பக்கத்தில் ஒருவர் நன்றாகத் தூங்கினார்! ஆனால் முகமூடியைப் பாருங்கள். ஹினோகி மரத்தில் செதுக்கியது, அசையாதது. முகம் சற்று நிமிர்ந்தால் மலர்ச்சி, தாழ்ந்தால் துயரம். தீ நாக்கு அசையும்போது நடிகர் அசையாமலே முகம் மாறுகிறது. மின்விளக்கு அரங்கத்தில் நான் பார்த்த நோவில் இது இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

இரவில் குளிரும், சால்வை அவசியம். மழை பெய்தால் கூத்தை அரங்கத்துக்குள் மாற்றிவிடுவார்கள். மறுநாள் காலை கசுகாவின் வகாமியா சந்நிதியிலும் ஆட்டம் உண்டு. அதையும் சேவித்துவிட்டுத்தான் ஒசாகா ரயில் ஏறினேன்.