கர்க்கடகம், ஆடி, யோன்சி

ஜூலை 16, 2025, புதன்

நாளைக்கு ஆடி ஒண்ணு. இந்தப் பக்கம் கர்க்கடகம். கொழிஞ்சாம்பாறையில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கேரளாவில் ஒரு மாசம் கல்யாணம் காட்சி கிடையாது. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் ஊருக்கு ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். குழாய் ஸ்பீக்கர்களை எல்லாம் இறக்கி யூனிட் கழற்றிப் பார்த்தேன். ரெண்டில் காயில் போயிருக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கி.

வேலை நடக்கும்போது கடையில் ஓடியது யோன்சி. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவில் பாடுகிறவர், செல்லோ வில்லால் கிதாரை இழுக்கிறவர். குழு 1994-ல் ரெய்க்யாவிக்கில் தொடங்கியது. பெயர் அப்போது பிறந்த அவருடைய தங்கையின் பெயர். குழுவின் ஆல்பங்களை இந்த மாசம் தொடுவதில்லை, அவர் தனியாகப் போட்டதை மட்டும் கேட்பது என்று முடிவு.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. விடியக்காலை நாலு மணிக்கே கோயில் வேப்பமரத்தில் குழாய் கட்டியாயிற்று. டெஸ்டிங்குக்கு 'ரைஸ்பாய் ஸ்லீப்ஸ்' போட்டேன். 2009-ல் அலெக்ஸ் சோமர்ஸோடு சேர்ந்து செய்தது. தந்தி வாத்தியம், பியானோ, கோரஸ் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும். குழாயில் ஒன்றுமே வரவில்லை, ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ மாதிரி ஒரு இரைச்சல்தான். குழாய்க்கு பாஸ் கிடையாது. நடு சத்தத்தையும் அதற்கு மேலே உள்ளதையும்தான் அது எறியும்.

அடுத்து 2010-ல் வந்த 'கோ'. மேலே பறக்கிற அந்தக் கள்ளக்குரல் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு வயக்காடு தாண்டிப் போனது. எனக்கே மயிர் கூச்செறிந்தது.

பூசாரி வெளியே வந்தார். "யாருங்க அது, பொம்பளையா?"

"ஆம்பளைங்க. ஐஸ்லாந்து."

"செரி செரி, ஈஸ்வரியம்மாளப் போடுங்க."

போட்டேன். எல்.ஆர். ஈஸ்வரி குரலுக்கும் இந்தக் குழாய்க்கும் ஜாதகப் பொருத்தம் அப்படி.

ஜூலை 22, செவ்வாய்

சித்தூர் காலேஜ் பையன் போன் பண்ணினான். என்னை விடப் பைத்தியம். 'கோ' மேல் அவனுக்கு ஒரு கோபம். குழுவில் ஐஸ்லாந்து மொழியிலும், அர்த்தமே இல்லாத வெறும் சத்தங்களிலும் பாடுகிறவர், இதில் பெரும்பாலும் இங்கிலீஷில் பாடிவிட்டார். "புரிஞ்சு போச்சுண்ணா, அதான் பிரச்சினை" என்கிறான்.

எனக்கு அந்தக் குறை இல்லை, இங்கிலீஷ் பாட்டு ஓடினால் வார்த்தை என் காதில் தங்குவதில்லை. நான் கவனிப்பது தாளத்தை. சிகுர் ரோஸில் ஒரு பாட்டு எழுந்து நிற்கவே நாலு நிமிஷம் ஆகும். 'கோ'வில் சாமுலி கோஸ்மினன் முதலிலிருந்தே குடுகுடுவென்று ஓட்டுகிறார். நிக்கோ மியூலி எழுதிய புல்லாங்குழலும் பித்தளை வாத்தியமும் கிளி கூட்டமாக மேலே. இத்தனை உற்சாகம் யோன்சிக்குள் இருந்தது குழுவில் பாதிதான் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வேலை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு பனைமட்டையைக் கடை ஷீட் மேல் போட்டது. மதியம் வரை கரண்ட் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

பையன் ஒரு பழைய வயலின் வில்லோடு வந்தான். கடையில் கிடக்கும் எலக்ட்ரிக் கிதாரில் ரோசின் தடவி இழுத்துப் பார்த்தோம். வயலின் பாலம் வளைவாக இருப்பதால் வில் ஒவ்வொரு தந்தியாகத் தொடும். கிதாரில் தந்திகள் கிட்டத்தட்ட ஒரே மட்டம், நடுவில் இழுத்தால் நாலைந்து சேர்ந்து அலறுகிறது. ஓரத் தந்தி மட்டும்தான் சொன்னபடி கேட்கும். எதிரொலி கூட்டும் ரிவெர்பை முழுக்கத் திருப்பிய பிறகு அலறல் நீண்டு, பழைய அலறல் மேல் புது அலறல் படிந்து, கொஞ்சம் அந்தச் சாயல் வந்தது. பக்கத்து டீக்கடை சேட்டன் எட்டிப் பார்த்து "எந்தா, ஷாட்டா?" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரை வேலை முடிந்து பொள்ளாச்சி நண்பர் வீட்டில் சாப்பாடு. லாரி பட்டறை வைத்திருப்பவர், சிகுர் ரோஸுக்குப் பழைய ரசிகர். 2020-ல் வந்த யோன்சியின் 'ஷிவர்' பேச்சை எடுத்தாலே எழுந்துவிடுவார். தயாரிப்பாளர் ஏ.ஜி. குக் கைபட்டது, இரும்பை அறுக்கிற சத்தமெல்லாம் வரும். "பட்டறைல கேக்கறதையே பாட்டுலயும் கேக்கணுமா?"

அதில் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் கூடப் பாடும் பாட்டையாவது கேளுங்கள் என்றேன். அடுத்த வருஷம் வந்த 'அப்சிடியன்' ஆல்பம் நண்பருக்குப் பிடிக்கும். 2021 மார்ச்சில் ஃபக்ராடல்ஸ்ஃப்யாட்ல் எரிமலை வெடித்தபோது யோன்சி லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார், கொரோனா காலம், ஊர் போய்ப் பார்க்க முடியவில்லை. அதிலிருந்து வந்த இசை.

நான் சொன்னது இதுதான். மிக்சரில் சோலோ பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் ஒரு சானல் மட்டும் ஹெட்போனில் கேட்கும். எது யார் சத்தம் என்று அப்போதுதான் பிடிபடும். தனி ஆல்பங்கள் எனக்கு அப்படி. குரல், வில், அவசரம் எல்லாம் யோன்சி. காத்திருக்க வைத்தது வேறு ஆள். கீபோர்டு வாசித்த கியார்ட்டன் ஸ்வைன்சன் விலகி, 2022-ல் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் வந்த குழு ஆல்பத்தில் டிரம் பெயருக்குத்தான், பழைய நிதானம் திரும்பியிருக்கிறது. தனியாகக் கேட்காதவனுக்கு இது எப்படித் தெரியும்?

"அப்ப நான் இத்தன வருஷமா கேட்டது கியார்ட்டனயா?" என்றார்.

பாதி அப்படித்தான். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'ஷிவர்' இன்னொரு தடவை கேட்கிறாராம், இயர்போனில், பட்டறை சாத்தின பிறகு.