நான் சொல்லாததை அச்சிட்டார்கள்: திருத்தம் வாங்கிய கதை

பெங்களூரு அல்சூரில் வளர்ந்தவள் நான். சாலை சைக்கிள் பந்தயங்களில் மாநில அளவில் ஓட்டுகிறேன். சென்ற பருவத்தில் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூருப் பதிப்பில் என் பேட்டி வெளியானது. விளையாட்டுப் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் தலைப்பு: ‘யாருக்கு வெற்றி என்பதை முன்பே பேசி முடிவு செய்கிறோம்: சைக்கிள் வீராங்கனை ஒப்புதல்’.

நான் சொன்னது இது: “எங்கள் அணியில் யாருக்காக உழைப்பது என்பதை முந்தைய இரவே பேசி முடிவு செய்துகொள்வோம். வெற்றி யாருக்கு என்பது சாலையில்தான் தெரியும்.” இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக்கி, நடுவிலிருந்ததை வெட்டியிருந்தார்கள். வெட்டியதில் போனது என் விளையாட்டின் உயிர்.

சாலைப் பந்தயத்தில் எதிரி காற்றுதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். அதனால்தான் ஓர் அணி தன்னுள் ஒருவரைத் தலைவராக வைத்து, மற்றவர்கள் அவரைக் காற்றிலிருந்து காத்துக் கடைசிக் கிலோமீட்டர்கள் வரை கொண்டுசேர்க்கிறது. பிரான்ஸில் நடக்கும் புகழ்பெற்ற சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 2012இல் பிராட்லி விக்கின்ஸ் முதலிடம். அவருக்காக மலைகளில் உழைத்த அதே அணியின் கிறிஸ் புரூம் இரண்டாமிடம். அதை யாரும் சூதாட்டம் என்று சொல்லவில்லை. மற்ற அணிகளும் வெல்லத்தான் வருகின்றன. முந்தைய இரவு எங்கள் அறையில் பேசியது அவர்களைக் கட்டுப்படுத்தாது.

செய்தி வந்த அன்று மாலைக்குள் அதன் படம் கன்னடக் குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. விஜயபுராவைச் சேர்ந்த என் அணித் தோழி, நான் அக்கா என்று அழைப்பவர், தொலைபேசியில் கேட்டார்: “உனக்காக நான் முன்னால் ஓட்டியது பணத்துக்காகவா என்று ஊரில் கேட்கிறார்கள். நீ என்னம்மா சொன்னாய்?” நந்தி மலை ஏற்றத்தில் கால்கள் இறுகிய பிறகும் எனக்கு முன்னால் நின்று மிதித்தவர் அவர். எனக்கு வந்த கெட்ட பெயரைவிட அவருக்கு வந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. திருத்தம் வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் ஆதாரம். பேட்டி கொடுக்கும்போது நம் கைப்பேசியிலும் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் பயிற்சியாளரின் விதி. செய்தியாளருக்குத் தெரியவே மேசைமேல் வைத்துப் பதிவு செய்திருந்தேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேள்வி எங்கே தொடங்குகிறது, என் பதில் எங்கே முடிகிறது என்று நிமிடம் நொடியோடு எழுதினேன். ‘ம்’, ‘அதாவது’ உட்பட ஒரு சொல்லையும் அழகுபடுத்தவில்லை. அச்சிட்ட பக்கத்தைத் தேதி தெரியும்படி கத்தரித்து வைத்தேன். இணையப் பக்கத்தையும் படமெடுத்தேன். இதை உடனே செய்ய வேண்டும். இணையத்தில் தலைப்பு ஓசையில்லாமல் மாறிவிட்டால், முதலில் என்ன இருந்தது என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

பிறகு செய்தியாளரை அழைத்தேன். கோபமாகப் பேசவில்லை, பதிவை அனுப்பி, கேளுங்கள் என்றேன். அவர் எழுதியனுப்பிய பிரதியில் என் இரண்டு வாக்கியங்களும் முழுதாக இருந்தனவாம். இடம் போதாமல் அலுவலகத்தில் சுருக்கியிருக்கிறார்கள். தலைப்பும் அங்கே வைத்ததுதான். பெரும்பாலும் தலைப்பு வைப்பது செய்தியாளர் அல்ல, துணை ஆசிரியர். ஆகவே செய்தியாளரோடு சண்டையிட்டுப் பயனில்லை. ஆசிரியருக்கு எழுத்தில் போக வேண்டும்.

அந்தக் கடிதம் ஒரே பக்கம்தான். வெளியான வாக்கியம், நான் சொன்ன வாக்கியம், பதிவில் அது வரும் இடம், எனக்கு வேண்டிய திருத்தம். என் மனவேதனையைப் பற்றி எழுதியிருந்த பத்தியைப் பயிற்சியாளர் அடித்துவிட்டார். அவர் செய்தது சரி. திருத்தத்தின் வாசகத்தையும் நானே எழுதி வைத்தேன். இல்லையென்றால் ‘தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள். இணையப் பதிப்புக்காக அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கும் அதே கடிதத்தை அனுப்பினேன். 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. அந்த விதிகளின் சில பகுதிகள் மீது வழக்குகள் நடந்துள்ளதால், அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

இதற்கிடையில் சைக்கிள் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தேர்வுப் போட்டி நெருங்கிய நேரம். பதிவின் எழுத்து வடிவத்தைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து, ஒலிப்பதிவோடு நேரில் கொடுத்தேன். பதிவைக் கேட்டதும் விஷயத்தை முடித்துக்கொண்டார்கள்.

நாளிதழ் அவ்வளவு சீக்கிரம் முடிக்கவில்லை. முதலில் வந்த திருத்தம் உள்பக்கத்து மூலையில், இரண்டு வரி. விளையாட்டுப் பக்கத்தின் உச்சியில் படித்தவர் அதை எங்கே பார்ப்பார்? மீண்டும் எழுதினேன். திருத்தம் உரிய முக்கியத்துவத்தோடு வர வேண்டும் என்பது, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறையிலேயே இருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டினேன். கவுன்சிலுக்கு அனுப்பும் புகாரையும் தயாராக வைத்தேன். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலும் செய்தியின் நகலும் இணைக்க வேண்டும். இதே விஷயத்தில் நீதிமன்ற வழக்கு எதுவும் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும். கவுன்சில் அபராதம் விதிக்காது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். ஓர் ஆசிரியருக்கு அதுவே கனமான விஷயம்.

புகார் அனுப்பும் அவசியம் வரவில்லை. திருத்தம் விளையாட்டுப் பக்கத்திலேயே, நான் சொன்ன இரண்டு வாக்கியங்களோடு வெளிவந்தது. இணையத்தில் தலைப்பை மாற்றி, மாற்றிய காரணத்தையும் கீழே எழுதினார்கள். அக்கா அந்தப் பக்கத்தை ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். பழைய தலைப்பின் படம் இன்னும் எங்காவது ஒரு குழுவில் தலைகாட்டுகிறது. பார்த்தால் திருத்தத்தை அதன் கீழேயே போட்டுவிடுகிறேன். ஆசிரியருக்கு எழுதிய கடிதமும் கவுன்சில் புகாரும் என்னிடம் இருக்கின்றன. விளையாட்டில் இருக்கும் யாருக்காவது மாதிரி வேண்டுமென்றால், பெயர்களை நீக்கித் தருகிறேன்.