மிளகும் நானும் ரிங்குக்குள்ளே: ஆறு மாதக் கணக்கு

மிளகு எங்கள் வீட்டு மினியேச்சர் ஷ்னவுசர். 'பெப்பர் அண்ட் சால்ட்' நிறம் என்பதால் இந்தப் பெயர். பதிவுச் சான்றிதழில் ஆறு சொல்லில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள சிறிய இனம்தான். ஆனால் நாய்க் கண்காட்சியில் அழகுப் போட்டிக்கு விடுவதென்றால் கருத்தடை செய்யக்கூடாது. அதனால் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 வெள்ளி இல்லை, 90 வெள்ளி. இந்தப் பொழுதுபோக்கில் என் முதல் செலவு அதுதான்.

ஜனவரியில் அவனுக்கு எட்டு மாதம். குட்டியாக அவனை எங்களுக்குக் கொடுத்த சீன ஆன்ட்டியிடம் கூட்டிக்கொண்டு போனேன். பல வருடமாக நாய்களை ரிங்கில், அதாவது நடுவர் முன் நாய்களை நடத்திக் காட்டும் களத்தில், ஓட்டியவர். தலையைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. முதுகில் கை வைத்ததும் சுருங்கிவிட்டது. "யார் இவனுக்கு மெஷின் போட்டது?" நான்தான். நல்லது என்று நினைத்து மாதாமாதம் கடையில் விட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். ஷ்னவுசருக்கு மேல் ரோமம் கம்பிபோல முரடாக இருக்க வேண்டும். மெஷினால் வெட்டினால் பட்டுப்போல ஆகி நிறமும் வெளிறிவிடும். முற்றிய ரோமத்தைக் கையால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தது முரடாக முளைக்கும். அதற்கு இரண்டரை மாதமாவது ஆகும். "அதுவரைக்கும் நீ நடக்கக் கத்துக்கோ" என்றார். நாயைச் சொல்லவில்லை, என்னைச் சொன்னார்.

முதலில் நிறுத்தக் கற்றேன். 'ஸ்டேக்' என்பார்கள். முன்னங்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே, பின்னங்காலில் கணுவுக்குக் கீழே உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக. பாதத்தைப் பிடித்து நகர்த்தினால் நாய் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். முன்னங்காலை முழங்கையில் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும், பின்னங்காலைக் கணுவில். இது எனக்குப் பிடிபடவே மூன்று வாரம் ஆனது. சிறிய நாய்களை நடுவர் மேசைமேல் வைத்துத்தான் தொட்டுப் பார்ப்பார் என்பதால் மேசைப் பழக்கமும் வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு அம்மா தடை போட்டுவிட்டார். சலவை இயந்திரத்தின் மேல் குளியலறை ரப்பர் விரிப்பைப் போட்டு நிறுத்தினேன். உயரம் கச்சிதம். ஒரே ஒரு முறை துணி ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டேன்; மிளகு அன்று முழுக்க அடுக்களைப் பக்கம் வரவில்லை.

இரவில் புளோக்குக்குக் கீழே, வசிப்போர் குழு அறையின் கண்ணாடிக் கதவுதான் எங்கள் நிலைக்கண்ணாடி. அங்கே தினமும் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஒருவர் ஒரு வாரம் பேசாமல் பார்த்தார். எட்டாம் நாள் கேட்டார்: "ஏன் தம்பி, அரங்கேற்றம் எப்போ?"

லஞ்சம் கோழி ஈரல். தேக்கா சந்தையில் வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்து, ஓவனில் காயவைத்து எடுத்தால் கையில் பிசுபிசுக்காது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அன்றைக்குச் சீஸ். வெள்ளிக்கிழமை மிளகு நிற்கும் லட்சணத்தைப் பார்த்தால் அவனுக்கும் நாள் கிழமை தெரியும் போலத்தான் தோன்றுகிறது.

மார்ச்சில் ஓட்டம். காலை ஆறரைக்கு இங்கே இன்னும் இருட்டு, தரையும் சூடாகியிருக்காது. கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் முக்கோணமாக ஓடினோம். முக்கோணத்துக்குக் காரணம் உண்டு: நடுவரை விட்டு விலகும்போது பின்கால், பக்கவாட்டில் எட்டுவைப்பு, திரும்பி வரும்போது முன்கால் என்று மூன்றும் தெரிந்துவிடும். மகள் கைப்பேசியில் படம் பிடித்தாள். பார்த்தால் மிளகு ஒட்டகம்போல ஆடி ஆடி வருகிறான். ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போகின்றன. காலில் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன். ஆன்ட்டி வீடியோவைப் பார்த்துச் சிரித்தார். கோளாறு என் வேகத்தில். நான் மெதுவாகப் போனதால் அவன் அப்படி நடந்திருக்கிறான். கொஞ்சம் வேகம் கூட்டி, வாரைத் தளர விட்டதும் குறுக்குக் கால்கள் ஜோடி சேர்ந்து அழகான பெருநடை வந்தது.

அதே வீடியோவில் இன்னொன்று: என் சாம்பல் நிற பேண்ட்டுக்கு முன்னால் சாம்பல் நிற நாய். பாதி நேரம் நாயையே காணோம். மறுநாள் கடலை மாவு நிறத்தில் ஒன்று வாங்கினேன்.

ஜூனில் முதல் கண்காட்சி. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது, ஆகவே செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்சி. ஜூனியர் பிரிவு, 9 மாதத்திலிருந்து 18 மாதம் வரை. இடது கையில் எண் அட்டை. மேசையில் நன்றாகவே நின்றான். பல்லைக் காட்டினான், விதைப்பையைத் தொட்டுப் பார்த்தபோதும் அசையவில்லை. நான்தான் சொதப்பினேன். முக்கோணத்தின் இரண்டாம் முனையில் சரியாகத் திரும்பத் தெரியாமல் நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் போய்விட்டேன். பாவம், அவர் என்னைச் சுற்றி எட்டிப் பார்த்தார். கடைசியில் நடுவர் முன் நிறுத்தியபோது, ஈரல் என் சட்டைப் பையில் இருந்ததால், மிளகு நிமிர்ந்து அழகாக நிற்பதற்குப் பதில் என் நெஞ்சின்மேல் இரண்டு காலையும் வைத்துவிட்டான்.

கிடைத்தது 'வெரி குட்'. 'எக்ஸலன்ட்' வரவில்லை. தலையும் நடையும் பிடித்திருக்கிறது, ரோமம்தான் இன்னும் மென்மை என்றார் நடுவர். மெஷின் போட்ட கணக்கு இன்னும் தீரவில்லை. வெளியே வந்ததும் ஆன்ட்டி என் சட்டைப் பையைக் காட்டி, இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்றை வாங்கச் சொன்னார். அதோடு சரி.

போன வாரம் மறுபடி முதுகு முழுக்கப் பிடுங்கினோம். நான்கு இரவு, இரவுக்கு ஒரு மணி நேரம், சலவை இயந்திரத்தின் மேல் வைத்து. இப்போது தாடியும் புருவமும் மட்டும் அப்படியே இருக்க, உரித்த கோழிபோல இருக்கிறான். நேற்று மின்தூக்கியில் பதினோராம் மாடி அக்கா அவனைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார்.